எக்ஸ்டென்ஷன் பெண்டிங்கில் இருக்கும்போது அம்மா ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரத்தில் திரும்பலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். அம்மா பார்வையாளருக்கான பி2 விசாவில் பிப்ரவரி 10 அன்று அமெரிக்காவில் நெவார்க்கில் வந்து இறங்கினார். ஐ-94, அதாவது எதுவரை தங்கலாம் என்ற பதிவு, ஆகஸ்டு 9 வரை. உங்களுக்குப் பிரசவம் ஆகி, ஆபரேஷன் செய்த இடத்தில் தொற்று வந்து மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்ததால், அம்மா இன்னும் கொஞ்ச நாள் கூட இருக்கட்டும் என்று ஜூலை 2 அன்று ஆன்லைனில் ஐ-539 என்ற நீட்டிப்பு விண்ணப்பம் போட்டீர்கள், ஜனவரி 31 வரை கேட்டு. ரசீது கையில் இருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் மதுரையில் மாமா பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம். அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு அத்தை இல்லாமலா? அக்டோபர் 28 கிளம்பி, மூன்று வாரத்தில் திரும்பி வந்து, ரசீதைக் காட்டி உள்ளே வந்து, கேட்டபடி ஜனவரி 31 வரை இருக்கலாமா என்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருக்கின்றன. எக்ஸ்டென்ஷன் பெண்டிங்கில் இருக்கும்போது நாட்டைவிட்டுக் கிளம்பினால் ஏதாவது குற்றம் ஆகிவிடுமா என்பது ஒன்று. திரும்பி வரும்போது அந்த எக்ஸ்டென்ஷன் காப்பாற்றுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில்: ஒன்றும் ஆகாது, தாராளமாகக் கிளம்பலாம். இரண்டாவதற்குப் பதில்: காப்பாற்றாது. அம்மா விமானம் ஏறியதோடு அந்த விண்ணப்பத்துக்கு வேலை முடிந்துவிடுகிறது. திரும்பி வருவது முழுக்க முழுக்கப் புது அனுமதி, அதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி அந்த இடத்தில் முடிவு செய்வார். நான் நியூ ஜெர்சியில் ஒரு குடிவரவு வழக்கறிஞர் அலுவலகத்தில் 14 வருஷம் பாராலீகலாக, அதாவது உதவியாளராக இருந்தவன், அட்டர்னி (வழக்கறிஞர்) இல்லை. அங்கே என் மேஜைக்கு வந்ததில் பாதிக்கு மேல் இப்படி அப்பா அம்மா விஷயங்கள்தான். அந்தப் பழக்கத்தில் எது உறுதி, எது அதிகாரியைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் என்னவென்றால், விசா, ஐ-94, எக்ஸ்டென்ஷன் மூன்றையும் நாம் ஒரே பொருளாக நினைக்கிறோம். இவற்றைக் கொடுப்பது மூன்று வெவ்வேறு அலுவலகங்கள். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா அமெரிக்க வெளியுறவுத் துறை கொடுத்தது, சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் துணைத் தூதரகத்தில் வாங்கியிருப்பீர்கள். பத்து வருஷம் என்று போட்டிருக்கும். அந்தப் பத்து வருஷத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து 'உள்ளே விடுங்கள்' என்று கேட்கலாம் என்பதுதான் அதன் அர்த்தம், எத்தனை நாள் இருக்கலாம் என்று விசா சொல்வதே இல்லை. அதைச் சொல்வது ஐ-94. அது இறங்கின இடத்தில் எல்லைச் சோதனைத் துறையான சிபிபியின் அதிகாரி போட்ட தேதி, பார்க்க வருபவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதம். அந்தத் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லி மூன்றாவது அலுவலகமான யுஎஸ்சிஐஎஸ்ஸிடம் (குடிவரவு விண்ணப்பங்களைப் பார்க்கும் துறை) போடுவதுதான் ஐ-539. நாட்டுக்குள் இருக்கும் ஒருவர், தான் இப்போது இருந்துகொண்டிருக்கும் அந்த இருப்பை நீட்டிக்கக் கேட்பது அது. ஆள் வெளியே போய்விட்டால் நீட்டிக்க அங்கே எதுவும் மிச்சம் இல்லை. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கிளம்புவதைப் பற்றி முதலில். ஆகஸ்டு 9-க்கு முன்னாலேயே ஐ-539 போய்ச் சேர்ந்திருக்கிறது, சொன்ன காரணம் உண்மையானது, அம்மா இங்கே எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. இந்த மூன்றும் இருந்தால், ஐ-94 தேதி தாண்டின பிறகும் முடிவு வரும்வரை அம்மா இருக்கும் நாட்கள் சட்டவிரோதமாகத் தங்கிய நாட்களாக எண்ணப்படாது. இது உறுதி. மூன்று வருஷத் தடை, பத்து வருஷத் தடை என்று பலர் பயமுறுத்தியிருப்பார்கள். அந்தத் தடைகள் 180 நாளுக்கு மேல், ஒரு வருஷத்துக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டுக் கிளம்பினவர்களுக்கு. உங்கள் அம்மா விஷயத்தில் மிக மோசமாகக் கணக்குப் போட்டு, அந்த விண்ணப்பமே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட, ஆகஸ்டு 9-லிருந்து அக்டோபர் 28 வரை 80 நாள்தான் ஆகிறது. ஆகவே அந்தத் தடை எந்தக் கணக்கிலும் அவர் மேல் விழாது. அந்த ஒரு பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது விசா செல்லுமா என்பது. ஐ-94 தேதி தாண்டித் தங்கினால் விசா தானாகவே செல்லாததாகிவிடும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 222(ஜி) என்பார்கள். அது விழுந்தால் அப்புறம் சொந்த நாட்டில்தான் புது விசாவுக்குப் போக முடியும். ஆனால் தேதிக்குள் நியாயமான எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டு, முடிவு வருவதற்கு முன்னால் கிளம்பினவர்கள் மேல் இந்தப் பிரிவு பாயாது என்று வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு வைத்திருக்கும் கையேட்டிலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே அம்மாவின் பத்து வருஷ விசா உயிரோடுதான் இருக்கும். இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பெண்டிங்கில் இருக்கும்போது கிளம்புவது, மறுப்பு வந்த பிறகு கிளம்புவதைவிட எவ்வளவோ சுத்தமானது. மறுப்பு வந்துவிட்டால் மறுநாளிலிருந்து சட்டவிரோத நாட்கள் எண்ண ஆரம்பிக்கும், விசா செல்லாமல் போகும் பிரச்சினையும் அப்போதுதான் நிஜமாக எழும். முடிவு வரட்டும், அதற்கப்புறம் கிளம்பலாம் என்று பயந்து உட்கார்ந்திருந்து, மறுப்புக் கடிதத்தோடு அவசர அவசரமாக டிக்கெட் தேடின குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒப்பிட்டால், இந்தக் கல்யாணம் உங்கள் அம்மா நல்ல நேரத்தில் கிளம்புவதற்கு ஒரு காரணத்தைக் கொடுத்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

சரி, கிளம்பின பிறகு அந்த விண்ணப்பம் என்ன ஆகும்? இங்கேயும் எதைக் கேட்டுப் போட்டோம் என்பது முக்கியம். ஸ்டேட்டஸ் மாற்றக் கேட்டிருந்தால், உதாரணமாக பி2-விலிருந்து எஃப்-1 மாணவர் ஸ்டேட்டஸுக்கு, நாட்டைவிட்டுப் போனதும் அது கைவிடப்பட்டதாகத்தான் கொள்வார்கள், அதில் விவாதமே இல்லை. கிரீன் கார்டுக்கான ஐ-485 போட்டவர்களுக்கு வேறு விதி, அட்வான்ஸ் பரோல் என்ற முன்அனுமதி வாங்காமல் பொதுவாக அவர்கள் வெளியே போகக் கூடாது. யாராவது உங்களிடம் 'பெண்டிங்கில் இருக்கும்போது போனால் எல்லாம் போச்சு' என்று சொல்லியிருந்தால், பெரும்பாலும் இந்த ஐ-485 கதையைத்தான் எங்கேயோ கேட்டுவிட்டுச் சொல்லியிருப்பார்கள். உங்களுடையது வெறும் எக்ஸ்டென்ஷன். ஆள் போய்விட்டார் என்று தெரிந்தால் கோப்பை மூடிவிடுவார்கள். தெரியாவிட்டால் அது வரிசையில் அப்படியே கிடந்து, கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு கடிதம் வரும், பதில் போகாவிட்டால் மறுத்துவிடுவார்கள். சில நேரம் ஆள் இல்லாதது தெரியாமலே அப்ரூவலும் வந்துவிடும். நீங்கள் கட்டின 420 டாலர் எப்படியானாலும் திரும்பி வராது.

அந்த அப்ரூவல் வந்துவிட்டால் கவனமாக இருங்கள், அதுதான் பொறி. நவம்பர் 20 அம்மா திரும்பி வந்து, அதிகாரி டிசம்பர் 20 வரை மட்டும் ஐ-94 போடுகிறார் என்று வையுங்கள். டிசம்பர் முதல் வாரத்தில் பழைய விண்ணப்பத்துக்கு 'ஜனவரி 31 வரை அனுமதி' என்று கடிதம் வருகிறது. பார்த்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கடிதம் நீட்டித்தது பிப்ரவரியில் தொடங்கின பழைய இருப்பை. அது அக்டோபரில் அம்மா கிளம்பினதோடு முடிந்துவிட்டது. புது இருப்புக்குக் கடைசியாக உள்ளே விட்டவர் போட்ட தேதிதான் கணக்கு. அந்தக் கடிதத்தை நம்பி டிசம்பர் 20-க்கு மேல் ஒரு நாள்கூடத் தங்க வேண்டாம். இப்படிப்பட்ட கடிதம் வந்தால் காசு போனாலும் பரவாயில்லை என்று ஒரு அட்டர்னியிடம் காட்டிவிடுங்கள்.

இனி திரும்பி வருவது. இங்கே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான், ஏனென்றால் சட்டமே இதை அதிகாரியின் கையில் விட்டிருக்கிறது. ஆறு மாதம் இருந்தால் ஆறு மாதம் வெளியே இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதாக நம் ஆட்கள் நடுவே ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி ஒரு சட்டமோ விதியோ கிடையாது. மூன்றாம் நாளே திரும்பி வந்து கேட்கலாம், அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை காற்றிலிருந்து வந்ததும் இல்லை. பார்க்க வருகிறவர் எல்லோரையும் 'இவர் இங்கேயே தங்க வருகிறார்' என்று சந்தேகத்தோடு பார்ப்பதில்தான் சட்டம் தொடங்குகிறது, அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது வருகிறவர் பொறுப்பு. அதிகாரி கம்ப்யூட்டரில் என்ன பார்ப்பார் என்று யோசியுங்கள். பிப்ரவரி 10 உள்ளே, அக்டோபர் 28 வெளியே, நவம்பர் 20 மறுபடி உள்ளே வரக் கேட்கிறார். எட்டரை மாதம் இங்கே, மூன்று வாரம் ஊரில். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வீடு நியூ ஜெர்சியில் இருக்கிறது, மதுரைக்குத்தான் விருந்தாளியாகப் போய்வந்திருக்கிறார் என்றுதானே தோன்றும்?

அப்படித் தோன்றினால் என்ன நடக்கும் என்பதில் நான் பார்த்தது பல விதம். ஒரு தம்பதி, திருச்சிப் பக்கம், எக்ஸ்டென்ஷன் பெண்டிங்கில் இருக்கும்போது சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு ஐந்து வாரத்தில் வந்தார்கள். பத்து நிமிஷம் கேள்வி கேட்டு வழக்கம்போல ஆறு மாதம் கொடுத்து அனுப்பினார் அதிகாரி. இன்னொரு அம்மாவுக்கு, ஏறக்குறைய அதே கதை, தனி அறையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, ரிட்டர்ன் டிக்கெட்டைப் பார்த்து ஒரே மாதத்துக்கு ஐ-94 போட்டார்கள். மூன்றாவது ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார். எழுபது வயதுக்காரர், இருபது மணி நேரம் பயணம் செய்து வந்து, பேரனைப் பார்க்காமலே அடுத்த விமானத்தில் திரும்பிப் போனார். அவருக்கும் மற்ற இரண்டு பேருக்கும் காகிதத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இதனால்தான் 'என் நண்பரின் அப்பா வந்துவிட்டாரே' என்று யார் சொன்னாலும் அதை வைத்து உங்கள் அம்மாவுக்கு முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

உள்ளே விட மாட்டோம் என்று சொன்னால் இரண்டு வழி இருக்கிறது. 'நான் என் கோரிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டு திரும்பிப் போகிறேன்' என்று சொல்ல அதிகாரி இடம் கொடுக்கலாம். அப்போது விசா பெரும்பாலும் ரத்தாகும், ஆனால் வருஷக் கணக்கில் தடை விழாது. இடம் கொடுக்காமல் உடனடி வெளியேற்ற உத்தரவு போட்டால் ஐந்து வருஷம் வர முடியாது. எதைச் செய்வது என்பது அவர் கையில்தான். அம்மா அபுதாபி வழியாக எதிஹாட் விமானத்தில் வருவதாக இருந்தால் இந்தச் சோதனை அபுதாபியிலேயே நடந்துவிடும், அங்கே அமெரிக்க சிபிபி அலுவலகம் இருக்கிறது. அங்கே மறுத்தால் பாதி வழியிலிருந்தே திரும்பலாம் என்பதால் வயதானவர்களுக்கு அது கொஞ்சம் நல்லது என்று நான் சொல்வதுண்டு. அதே சமயம் ஏதாவது ஆனால் உதவிக்கு வர வெளியே பிள்ளைகள் யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்ற கஷ்டமும் உண்டு.

கேள்வி கேட்கும் இடத்தில் நம் அம்மாக்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே பதிலில்தான். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டால், மனசில் இருப்பதை அப்படியே, 'பொண்ணு வேலைக்குப் போகணும், குழந்தையை நான்தான் பாத்துக்கணும், சமைக்கணும்' என்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அது பாசம். கேட்கிறவர் காதில் அது ஒரு ஆயாவுக்கோ சமையல்காரருக்கோ சம்பளம் கொடுக்காமல் செய்து கொள்ளும் ஏற்பாடாக விழுகிறது. அதற்காக அம்மாவுக்குப் பொய் சொல்லிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. எல்லைச் சோதனையில் முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னது தெரிந்தால் வாழ்நாள் முழுக்கத் தடை, நாளைக்கு நீங்கள் சிட்டிசன் ஆகி அவருக்குக் கிரீன் கார்டு போட்டாலும் அது வந்து குறுக்கே நிற்கும். அதற்கு முன்னால் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நவம்பர் 20 அம்மா திரும்பி வர வேண்டும் என்று நீங்கள் நினைப்பதற்கு உண்மையான காரணம் என்ன? உங்கள் கேள்வியின் கடைசி வரியில் டிசம்பரில் லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் காரணம் என்றால், உண்மையைச் சொன்னாலும் சிக்கல், மறைத்தாலும் சிக்கல். அந்த நிலையில் அறுபது வயதுக்கு மேல் ஆன ஒருவரைத் தனியாகக் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். அம்மா அக்டோபர் 28 நிம்மதியாகக் கிளம்பட்டும், கல்யாணத்தைப் பார்க்கட்டும், அப்படியே ஊரில் இருக்கட்டும். பொங்கல், சித்திரைத் திருவிழா எல்லாம் முடிந்து, இங்கே இருந்த அளவு நாட்களாவது அங்கே இருந்துவிட்டு, அடுத்த கோடையில் வரட்டும். அப்போது அதே அதிகாரி அதே கம்ப்யூட்டரில் பார்ப்பது, ஒருமுறை பெண்ணுக்கு உடம்பு சரியில்லாததால் கூடுதலாக இருந்துவிட்டு, கேட்ட காலம் முடிவதற்கு முன்னாலேயே ஊர் திரும்பின ஒருவரை. அதைவிட நல்ல சாட்சி கிடையாது. டிசம்பரிலிருந்து குழந்தைக்கு டேகேர் தேட வேண்டும், அல்லது மாமியார் வர முடியுமா என்று பார்க்க வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஐந்து மாதக் குழந்தையை முதல் நாள் விட்டுவிட்டு வரும்போது மனசு என்ன பாடு படும் என்றும் தெரியும். இருந்தாலும் அம்மாவின் விசா பத்து வருஷத்துக்கானது, இந்தக் குளிர்காலம் நான்கு மாதம்தான்.

நடுவில் ஒன்று. நயாகரா கனடா பக்கம் போய்விட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்குமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பக்கத்து நாடான கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ கொஞ்ச நாள் போய் வருவதைப் பழைய இருப்பின் தொடர்ச்சியாகவே அதிகாரிகள் பார்ப்பது வழக்கம், புதுத் தேதி கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 30 நாளுக்குள் அங்கே போய்வந்தால் காலாவதியான விசாவோடும் திரும்பலாம் என்று ஒரு சலுகை இருப்பது உண்மைதான், ஆனால் அதற்குத் தேதி முடியாத ஐ-94 வேண்டும். அம்மாவுடையது ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது, பெண்டிங் ரசீது அதற்கு ஈடாகாது. நயாகராவில் எல்லையைக் கடக்கும் ரெயின்போ பாலத்தின் நடுவில் நின்று இதைப் புரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே புரிந்துகொள்வது நல்லது.

இல்லை, எனக்கு வேறு வழியே இல்லை, நவம்பரிலேயே வந்தாக வேண்டும் என்றால், உங்களுக்கு அடுத்த ஆபரேஷன் ஏதாவது இருக்கிறது என்பது போல ஒரு உண்மையான, தேதி குறித்த காரணம் இருந்தால் மட்டும் வரட்டும். டாக்டர் கடிதம், கல்யாணப் பத்திரிகை, ஐ-539 ரசீதும் விண்ணப்பத்தின் நகலும், ஊரில் வீடு, பென்ஷன் இவற்றுக்கான காகிதம், இரண்டு மாதத்துக்குள் திரும்பிப் போகும் டிக்கெட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், செக்-இன் பெட்டிக்குள் வேண்டாம். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டால் டிக்கெட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை வைத்து 'சிக்ஸ் மன்த்ஸ்' என்று சொல்லிவிட்டு, டிக்கெட் ஆறு வாரத்துக்கு இருந்தால் அங்கேயே சந்தேகம் ஆரம்பித்துவிடும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை, கேட்கச் சொல்லுங்கள். புரியாத கேள்விக்கு 'எஸ்' சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

எப்போது திரும்பி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, கிளம்பும்போது செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. அமெரிக்காவைவிட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப் குத்த மாட்டார்கள், அப்படி ஒரு கவுண்டரே கிடையாது. முக்கியமாக விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலை வைத்து வெளியே போனது பதிவாகிறது. பெரும்பாலும் சரியாகப் பதிவாகும், சில நேரம் விட்டுப்போகும். அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள், சென்னையில் இறங்கும்போது குத்தும் ஸ்டாம்ப் உள்ள பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஐ-94 இணையதளத்தில் பயண வரலாற்றில் அக்டோபர் 28 வெளியே போனது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், ஐ-539 போட்ட அதே ஆன்லைன் கணக்கில், ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, 'நான் இன்ன தேதியில் நாட்டைவிட்டுப் போய்விட்டேன், இந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்' என்று அம்மா கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தை, போர்டிங் பாஸோடு சேர்த்து ஏற்றிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து 'பதில் வராததால் மறுக்கப்பட்டது' என்று ஒரு கடிதம் கோப்பில் போய் உட்காருவதைவிட, 'விண்ணப்பித்தவரே போய்விட்டார், வாபஸ்' என்று இருப்பது பின்னால் விளக்கம் சொல்லச் சுலபம். பிற்பாடு விசா புதுப்பிக்கும்போது டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், கொடுத்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்று ஒரு கேள்வி வரும். அன்றைக்கு இந்தக் காகிதங்கள்தான் பேசும். ரசீதையும் கடிதத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. அம்மா இந்த ஒரே வருஷத்தில் 260 நாள் இங்கே இருந்திருப்பார். வருமான வரிச் சட்டம் விசாவைப் பார்ப்பதில்லை, நாட்களை எண்ணுகிறது. 183 நாளைத் தாண்டினால் பி2-வில் வந்தவரும் அந்த வருஷத்துக்கு வரிக் கணக்கில் இங்கே வசிப்பவராகக் கருதப்படலாம், ஊரில் வரும் பென்ஷன், வட்டி எல்லாம் அதில் வரும். கடைசியில் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லாமலே போகலாம், இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தமும் கைகொடுக்கலாம், ஆனாலும் ஒரு சிபிஏ-விடம் (கணக்காளர்) அடுத்த ஏப்ரலுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

என் பதிலை மாற்றக்கூடிய விஷயங்கள் சில உங்கள் கேள்வியில் இல்லை. நீங்களோ உங்கள் அண்ணனோ சிட்டிசனாக இருந்து அம்மாவுக்கு ஐ-130 (கிரீன் கார்டுக்கான குடும்ப மனு) போட்டிருந்தால், அவர் நிரந்தரமாக வர நினைப்பது அவர்கள் பதிவிலேயே இருக்கும், சீக்கிரம் திரும்புவது இன்னும் கஷ்டம். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதேபோல ஆறு ஆறு மாதம் இருந்திருந்தாலும் அப்படியே. முன்பு ஒருமுறை எக்ஸ்டென்ஷன் மறுக்கப்பட்டிருந்தால் விசா இப்போது செல்லுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். இதில் எது இருந்தாலும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அட்டர்னியிடம் அரை மணி நேரம் பேசுங்கள், என் பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கிளம்பும்வரை தினமும் ஒருமுறை ரசீது எண்ணைப் போட்டு நிலவரத்தைப் பாருங்கள். அதற்குள் அப்ரூவல் வந்தால் நல்லது, அம்மா அனுமதித்த காலத்துக்குள் கிளம்பினவர் ஆகிவிடுவார், கடிதத்தின் அசலைப் பத்திரப்படுத்துங்கள். அப்போதும் திரும்பி வருவது புது அனுமதிதான், அது மாறாது. மறுப்பு வந்தால் 28 வரை காத்திருக்க வேண்டாம். டிக்கெட்டை முன்னால் மாற்ற எவ்வளவு ஆகும் என்று இன்றே விமான நிறுவனத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாரத்திலேயே அம்மா கிளம்பிவிடட்டும். கல்யாண வேலைக்கு அவர் பத்து நாள் முன்னால் வந்தால் மாமா வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.